ஆசான் சுவரும் மாணாக்கன் சீலையும்

ஓர் ஆசானின் புகழ் ஓங்க ஓங்க, அவரிடம் பயின்றோர் பெயர் மங்கிப்போதல் கலையுலகில் வழமை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்களை எடுத்துக்கொண்டால் இவ்வுண்மை நன்கு புலனாகும். லியனார்டோ டா வின்சி என்னும் பெயரை அறியாதார் அரியர். அவருடைய பட்டறையில் வண்ணம் அரைத்துத் தொழில் கற்ற மாணாக்கரின் பெயர்களையோ, கலை வரலாற்றைத் துருவிக் கற்றார் சிலரே அறிவர். அவர்தம் ஓவியங்கள் நூதனசாலைகளில், 'லியனார்டோவைப் பின்பற்றிய ஒருவர் வரைந்தது' என்னும் சிறு குறிப்புடன் தொங்குகின்றன. பார்ப்போரிற் பலர் அக்குறிப்பைப் படித்ததும் அப்பால் நடந்துவிடுவர்.

ஆயினும், ஆசானின் கைவண்ணம் சிதைந்து மறையும் நிலையில், அதற்குச் சாட்சி கூற மாணாக்கனின் படியொன்று முன்வந்த வரலாறும் உண்டு. மூல ஓவியம் இத்தாலியிலே மிலான் நகரில் உள்ள 'இறுதி இராப்போசனம்'. படி, இலண்டன் மாநகரில் அரச கலைக்கழகத்தாரிடம் உள்ள பெரிய சீலை ஓவியம். இவ்விரண்டினுக்கும் இடையேயுள்ள உறவை ஆராய்ந்தால், பார்த்து வரைதல் என்பது இழிதொழில்தானா என்ற வினாவுக்கும் விடை கிடைக்கும்.

மிலான் நகரை அந்நாளில் ஆண்ட கோமகன் லுடோவிக்கோ ஸ்போர்சா. அவர் ஆதரவிலே தொமினிக்கன் சபைத் துறவிகளின் மடமாகிய சாந்த மரியா தெல்லே கிராட்சியே என்னும் இடத்தின் உணவுச்சாலைச் சுவரில் லியனார்டோ இந்த ஓவியத்தைத் தொடங்கினார். 1495 ஆம் ஆண்டளவில் தொடங்கிய வேலை 1498 இல் நிறைவேறியது. ஓவியத்தின் நீளம் ஏறக்குறைய 8.8 மீட்டர், உயரம் 4.6 மீட்டர். துறவிகள் மௌனமாக உணவருந்தும் மண்டபத்தின் ஒரு கோடியில், தம்மோடு கூடவே இயேசுபிரானும் பன்னிரு சீடரும் பந்தியமர்ந்திருப்பதுபோற் காணவேண்டும் என்பதே நோக்கம்.

லியனார்டோ தேர்ந்தெடுத்த கணம் மிக இக்கட்டானது. 'உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்று இயேசு கூறிய சொல் பந்தியில் விழுகின்றது. அச்சொல் நீரிற் கல்லெறிந்தாற்போல அலையெழுப்புகின்றது. சீடர் மும்மூவராகக் கூடுகின்றனர். ஒருவர் எழுகின்றார், ஒருவர் பின்வாங்குகின்றார், ஒருவர் 'நானோ ஆண்டவரே' என்று கேட்பார்போல் மார்பிற் கைவைக்கின்றார். நடுவில் இயேசு மட்டும் அமைதியாய் இருகைகளையும் மேசைமீது விரித்து அமர்ந்திருக்கின்றார். மண்டபத்தின் சுவர், கூரை ஆகியவற்றின் கோடுகளெல்லாம் பின்னோக்கிச் சென்று அவர் தலையருகே ஒரு புள்ளியிற் கூடுகின்றன. அப்புள்ளியைக் குறிப்பதற்கு லியனார்டோ சுவரில் அறைந்த ஆணியின் துளை, அவர் நெற்றிப்பொட்டின் அருகே இன்றும் காணப்படுகின்றது.

யூதாசை அமர்த்திய முறையும் புதுமையானது. முந்திய ஓவியர் பலர் அவனை மட்டும் மேசையின் மறுபக்கத்தில் தனியே இருத்தினர். குற்றவாளி யார் என்று பார்ப்போன் தேடவேண்டியதில்லை. லியனார்டோ அவனையும் மற்றவர் வரிசையிலேயே, பேதுருவுக்கும் யோவானுக்கும் அருகில் வைத்தார். அவன் முகம் நிழலில் இருக்கின்றது. கையிற் பணப்பை இருக்கின்றது. திடுக்கிட்டுப் பின்சாயும்போது அவன் கைபட்டு மேசைமீதிருந்த உப்புக் கிண்ணம் கவிழ்கின்றது. உப்புச் சிந்துதல் தீக்குறி என்பது ஐரோப்பியர் நம்பிக்கை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் பழமொழியோடு வளர்ந்த தமிழருக்கோ, உடனிருந்து உண்டவனே காட்டிக்கொடுக்கும் வேளையிற் கவிழும் உப்பின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சிறப்பும் பொருந்திய ஓவியம் பிறந்த நாள்தொட்டே நோயுற்ற குழந்தையாக இருந்தது. அதற்குக் காரணம் ஓவியரே.

சுவரில் எழுதும் முறையில் இத்தாலியர் கைதேர்ந்தவர். ஈரம் உலராத சுண்ணச்சாந்தின்மேல் நீரிற் குழைத்த வண்ணத்தை இடுவர். சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு கலந்து கல்லாய் இறுகும். வண்ணமும் அக்கல்லோடு ஒன்றிவிடும். சுவர் உள்ளவரை சித்திரமும் நிலைக்கும். ஆனால் இம்முறையில் ஒரு நிர்ப்பந்தம் உண்டு. பூசிய சாந்து உலருமுன் அன்றைய பகுதியை எழுதி முடித்தாக வேண்டும். பின்னர் திருத்த நினைத்தால் சாந்தைக் கொத்தி எறிந்துவிட்டு மீண்டும் தொடங்குவதே வழி.

லியனார்டோவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. சிறுவனாயிருந்தபோது அவர் வேலை செய்வதைப் பார்த்த மத்தேயோ பந்தெல்லோ என்பார், பிற்காலத்தில் அதைப் பற்றி எழுதிவைத்தார். சில நாள் லியனார்டோ விடியற்காலையிற் சாரத்தில் ஏறினால், ஊண் நினைவின்றி இருட்டும்வரை தீட்டுவாராம். பின் பல நாள் தூரிகையைத் தொடாமல், தீட்டியதை நோக்கியபடியே நிற்பாராம். வேறு சில நாள் எங்கிருந்தோ விரைந்து வந்து, ஓரிரு கோடுகளை இழுத்துவிட்டுப் போய்விடுவாராம். இத்தகையவருக்கு ஈரச் சாந்தின் அவசரம் ஒத்துவருமா? ஆதலால் அவர் உலர்ந்த சுவரின்மேல் வெண்பூச்சிட்டு, முட்டையிலும் தைலத்திலும் குழைத்த வண்ணங்களால் எழுதினார். மரப்பலகையில் எழுதுவதுபோல் ஆறுதலாகத் திருத்தித் திருத்தி எழுத அது இடங்கொடுத்தது. ஆனால் வண்ணம் சுவரோடு ஒன்றவில்லை. சுவரின் ஈரம் உள்ளிருந்து வெளிப்பட, வண்ணம் செதிள் செதிளாகக் கழன்றது.

1517 இல் அவ்வழியாகச் சென்ற அந்தோனியோ தெ பேயாத்திஸ் என்னும் பயணி, ஓவியம் கெடத் தொடங்கிவிட்டதைக் குறித்திருக்கின்றார். அப்போது லியனார்டோ பிரான்சு நாட்டில் உயிரோடிருந்தார். ஓவியர் வரலாறுகளை எழுதிய வசாரி 1566 இல் அதைக் கண்டபோது, தெளிவற்ற கறைகளையன்றி வேறொன்றும் புலப்படவில்லை என்று வருந்தினார். அதே மண்டபத்தின் எதிர்ச்சுவரில் மொன்தோர்பானோ என்னும் ஓவியர் 1495 இல் ஈரச்சாந்து முறைப்படி எழுதிய சிலுவைக் காட்சி ஒன்று உண்டு. லியனார்டோவோடு ஒப்பிட இயலாத ஓவியர் அவர். எனினும் அவர் எழுதியது ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் நன்கு விளங்குகின்றது. மேதையின் சுவர் உதிர்ந்தது. எளியவரின் சுவர் நின்றது.

காலம் செய்த கேடு போதாதென்று மனிதரும் தம் பங்கைச் செய்தனர். 1652 இல் மடத்தார் அச்சுவரில் வாயில் வெட்டியபோது இயேசுவின் பாதங்கள் அடியோடு நீங்கின. 1726 இலும் 1770 இலும் பழுதுபார்க்க வந்தோர் பழைய வண்ணத்தின்மேல் தம் வண்ணத்தைப் பூசினர்; சிலவிடங்களிற் பழையதைச் சுரண்டவும் செய்தனர். 1796 இல் மிலானுக்குள் நுழைந்த பிரெஞ்சுப் படையினர் மண்டபத்தைக் குதிரைலாயமாக்கினர் என்பர். 1821 அளவில் பரெத்சி என்பவர், அது ஈரச்சாந்து ஓவியமே என எண்ணி, அதனைச் சுவரிலிருந்து உரித்தெடுக்க முயன்று, தவற்றை உணருமுன் மேலும் சேதம் விளைத்தார். 1943 ஆகஸ்ட் மாதம் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் மண்டபத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் இடிந்து வீழ்ந்தன. மணல் மூட்டைகளை அடுக்கி முன்னரே காத்திருந்தமையால் ஓவியச் சுவர் மட்டும் தப்பியது.

இவ்வாறு மூலம் தேய்ந்துகொண்டிருக்க, அதன் உருவை உலகிற் பரப்பியவை படிகளே. 1800 ஆம் ஆண்டளவில் இரஃபேல் மோர்கன் என்னும் செதுக்கோவியர் செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிட்ட படம் ஐரோப்பா எங்கும் பரவியது. அவர் காலத்தில் மூலம் பெரிதும் சிதைந்திருந்தது. வேறொருவர் வரைந்து கொடுத்த படத்தைக் கொண்டே அவர் செதுக்கினார். உலகின் பல பாகங்களிலும் கிறித்தவ இல்லங்களின் உணவறைகளில் மாட்டப்பெறும் இராப்போசனப் படங்களிற் பல, சுவரை நேரிற் பார்த்து வரைந்தவை அல்ல; படிக்குப் படியெடுத்து வந்தவை. சுவிற்சர்லாந்திலே பொன்தே கப்பிரியாஸ்கா என்னும் சிற்றூர்க் கோயிலில் உள்ள பதினாறாம் நூற்றாண்டுப் படியொன்றில் ஒவ்வொரு சீடரின் பெயரும் உருவத்தின்கீழ் எழுதப்பட்டிருக்கின்றது. இவர் இன்னார் என்று தெளிய அவ்வூர்ப் படி பெரிதும் உதவியது. பெல்ஜிய நாட்டுத் தொங்கர்லோ மடத்திலும் பழைய பெரும்படி ஒன்று உண்டு. அது 1545 இல் அம்மடத்தாருக்குக் கிடைத்தது.

இப்படிகளுள் முதன்மையாகக் கருதப்படுவனவற்றுள் ஒன்று, இலண்டன் அரச கலைக்கழகத்துச் சீலை. அதனை வரைந்தவராகக் கூறப்படுவோர் ஜியாம்பியெத்ரினோ. ஜோவன்னி பியெத்ரோ ரிட்சோலி என்பது அவர் இயற்பெயர் என ஆய்வாளர் கண்டுள்ளனர். லியனார்டோவின் குறிப்பேட்டில் மாணாக்கர் பெயர் வரிசையொன்றில் 'ஜான்பெத்ரோ' என்னும் பெயர் காணப்படுகின்றது. அது இவரையே குறிக்கும் என்பர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியில் மிலானில் தொழில் செய்தவர். கன்னிமரியாளையும் மதலேன் மரியாளையும் பலமுறை வரைந்தவர். இவற்றுக்குமேல் அவர் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. இப்படி கூட நீண்டகாலம் மார்க்கோ தொஜ்ஜோனோ என்னும் வேறொரு மாணாக்கனின் கைவேலையாகவே கருதப்பட்டது. பொல்திராபியோ என்னும் மூத்த மாணாக்கருக்கும் இதிற் பங்குண்டு என்று இக்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர். வரைந்தவர் பெயரே ஐயத்துக்கு இடமாயிருப்பது, ஆசானின் நிழலில் வாழ்ந்தோரின் விதியை நன்கு காட்டும்.

சீலை 1515 ஆம் ஆண்டுக்கும் 1520 ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுதப்பட்டதாகலாம். அஃதாவது, மூலம் எழுதி முடிந்து இருபது ஆண்டளவு கடந்த காலம். சிதைவு தலைகாட்டினும் உருவங்கள் யாவும் நன்கு விளங்கிய காலம். பதினேழாம் நூற்றாண்டில் அது மிலானுக்குத் தெற்கே பவியா நகரின் அருகிலுள்ள கார்த்தூசியன் மடத்தில் இருந்தது. பின்னர் இங்கிலாந்தை அடைந்து, 1821 இல் அரச கலைக்கழகத்தாரால் வாங்கப்பெற்றது. மிலானிலே பரெத்சி சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த ஆண்டும் அதுவே. ஓவிய மாணவர் பார்த்துப் பயிலவேண்டும் என்பதே கலைக்கழகத்தார் கருத்து.

சீலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அளவில் மூலத்தை நெருங்கி வருவது. அதன் மேற்பகுதி எக்காலத்திலோ வெட்டுண்டு போயிற்று. ஆதலால் மண்டபத்தின் உயர்ந்த கூரையை அதிற் காண இயலாது. மேசையும் மாந்தரும் முழுமையாய் உள்ளனர். சுவரில் வாயிலுக்கு இரையாகிப்போன இயேசுவின் பாதங்கள் மேசையின்கீழ் அமைதியாய்ப் பதிந்திருக்கின்றன. சுவரிற் கண்ணுக்குத் தட்டாத உப்புக் கிண்ணம் யூதாசின் கையருகே கவிழ்ந்து கிடக்கின்றது. சீடரின் விரல்கள் எவ்வாறு மடிந்தன, ஆடைகள் எங்கே நிறம் மாறின, மேசைமீது எவ்வெக் கலங்கள் இருந்தன என்பனவற்றுக்கெல்லாம் சீலை விடை கூறுகின்றது.

இவ்விடைகள் வேண்டப்பட்ட காலமும் வந்தது. 1978 இல் மிலான் சுவரைச் சீர்செய்யும் பெருவேலை தொடங்கியது. பினின் பிரம்பில்லா பார்சிலோன் என்னும் அம்மையார் அதற்குத் தலைமை தாங்கினார். நுண்பெருக்காடியை வைத்துக்கொண்டு, முத்திரையளவு இடங்களாகப் பிரித்து, நூற்றாண்டுகளின் அழுக்கையும் பசையையும் மேற்பூச்சையும் அவர் சிறிது சிறிதாக நீக்கினார். வேலை 1999 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவேறியது. லியனார்டோ எழுதச் செலவிட்ட ஆண்டுகள் ஏறக்குறைய மூன்று. அதைத் துப்புரவாக்கச் சென்ற ஆண்டுகள் இருபதுக்கு மேல்.

மேற்பூச்சை நீக்கும்போது எழுந்த முதல் வினா, எது ஆசானின் கோடு, எது பின்வந்தோரின் கோடு என்பது. சுவரில் எஞ்சியது சிறு துணுக்குகளே. ஒரு துணுக்கு விரலின் நுனியா, ஆடையின் மடிப்பா என்று தனியே பார்த்துச் சொல்வது கடினம். அவ்வேளைகளில் ஜியாம்பியெத்ரினோவின் சீலை வழிகாட்டியது. சீடர் தலைகளுக்காக லியனார்டோ தம் கையாலே வரைந்து, இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்சர் மாளிகையில் உள்ள வரைபடங்களும் துணைசெய்தன.

ஆனால் படியைப் பார்த்து மூலத்தை மீண்டும் எழுதிவிட அம்மையார் முற்படவில்லை. வண்ணம் முற்றாக அழிந்த இடங்களில், மங்கலான நீர்வண்ணத்தை மட்டும் இட்டு நிறுத்தினார். அண்மையிற் சென்று பார்ப்போர் எது பழையது, எது புதியது என்று பிரித்தறியலாம். இவ்வாறு செய்ததையும் ஏற்காதார் இருந்தனர். இவ்வளவையும் நீக்கிய பின் எஞ்சியதை லியனார்டோவின் ஓவியம் என்று கூறலாமா என அவர்கள் கேட்டனர். பொய்யான முழுமையைக் காட்டிலும் உண்மையான குறையே மேல் என்பது மற்றவர் கட்சி. இவ்வாதம் எளிதில் முடிவதன்று.

இனி, சீலை மூலத்துக்கு ஈடாகுமா எனின், ஆகாது என்பதே நேர்மையான மறுமொழி. மாணாக்கனின் கை தேர்ந்த கை. ஆனால் ஆசானின் கையன்று. உருவங்களின் விளிம்பு சற்றுக் கடினமாய் நிற்கின்றது. முகங்களில் அதிர்ச்சி உண்டு. ஆயினும் அதன் பின்னே ஓடும் எண்ணங்களின் நிழலாட்டம் குறைவு. சுவரில் எஞ்சிய சிதைவுகளிலும், ஒளி மெல்ல இருளோடு கலக்கும் லியனார்டோவின் நுட்பம் இன்னும் உயிர்க்கின்றது. சுவரில் உயிர் உண்டு, உடல் குறைந்தது. சீலையில் உடல் உண்டு, உயிர் சற்றுக் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கண்டவனே இராப்போசனத்தைக் கண்டவன்.

ஓவியத்தைப் பெயரால் மதிப்பதா, பொருளால் மதிப்பதா என்னும் வினா சந்தையிலும் எழுவதுண்டு. 'உலக இரட்சகர்' எனப்படும் ஓவியமொன்று 1958 இல் இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, மாணாக்கராகிய பொல்திராபியோவின் வேலை எனக் கருதப்பட்டு 45 பவுணுக்கு விலைபோயிற்று. லியனார்டோவின் கையே அது என்று அறிஞர் சிலர் கூறியபின், 2017 இல் நியூயோர்க்கில் அதன் விலை 45 கோடி டொலருக்கு மேல் உயர்ந்தது. அதனை ஏற்காத அறிஞரும் உளர். இடைக்காலத்தில் மேற்பூச்சை அகற்றிச் சீர்செய்தனர் என்பது உண்மையே. எனினும் விலையை ஏற்றியது தூரிகை அன்று, பெயரே. மாணாக்கனது என்றால் தள்ளும் உலகம், ஆசானது என்றால் கொள்ளும்.

ஆனால் ஜியாம்பியெத்ரினோவின் சீலைக்கு இவ்விதப் பெயர்மாற்றம் வேண்டியதில்லை. அது மாணாக்கனின் வேலையாய் இருப்பதே அதன் பெருமை. புதியது படைக்க வேண்டும், தன் பெயர் விளங்க வேண்டும் என்ற வேட்கை வரைந்தவனைப் பற்றியிருந்தால், உப்புக் கிண்ணத்தை நீக்கியிருக்கலாம். பாதங்களை ஆடையால் மறைத்திருக்கலாம். தனக்குப் பிடித்த முகங்களைச் சேர்த்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. ஆசான் வைத்த இடத்தில் வைத்ததை வைத்தான். ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் சுவரில் வாயில் வெட்டுவார்கள் என்பதை அவன் அறியான். நான்கரை நூற்றாண்டுக்குப்பின் ஓர் அம்மையார் நுண்பெருக்காடியோடு சுவரின்முன் அமர்ந்து, தன் சீலையின் சாட்சியை நாடுவார் என்பதையும் அவன் அறியான்.

இன்று மிலானில் இராப்போசனத்தைக் காணச் செல்வோர், காற்றிலுள்ள தூசை வடிக்கும் அறைகளைக் கடந்து, சிறு குழுக்களாகச் சென்று, கால்மணி நேரமே உள்ளே நிற்கலாம். மேசையின்கீழ் அவர்கள் காண்பது அடைபட்ட வாயிலின் தடம். அவ்விடத்தில் இருந்த பாதங்களைக் காண விரும்புவோர் இலண்டன் செல்ல வேண்டும். அங்கே, பெயர் அதிகம் அறியப்படாத ஒருவனின் சீலையில், அவை பழுதின்றி இருக்கின்றன.